பனி தள்ளிய டிராக்டரும் உன் தோட்டத்துப் பாதையும்

கேத்தி,
ஏப்ரல் 18

அன்பு நண்பனுக்கு,

கனடாவில் மகள் வீட்டிலிருந்து போன வாரம்தான் திரும்பினேன். உன் கடிதம் காத்திருந்தது. தங்கச்சிக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததே, அதுவே பெரிய நிம்மதி. நான் இல்லாதபோது இங்கே உறைபனி கடுமையாம். கீழ்த் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்தெல்லாம் கருகி, இப்போதுதான் துளிர்விடுகிறது.

பூம்பாறைத் தோட்டப் பாதையில் மழைக்குச் சரியும் மண்ணை அள்ளச் சின்ன டிராக்டர் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். மூன்று மாதம் ஒன்டாரியோவில் எனக்கு ஏறக்குறைய அதே வேலைதான். மண்ணுக்குப் பதில் பனி.

மருமகன் வீடு சாலையிலிருந்து நூற்றைம்பது அடி உள்ளே இருக்கிறது, ஜல்லிப் பாதை. அவருடையது 25 குதிரைத்திறன் வண்டி, நான்கு சக்கரமும் இழுக்கும். முன்னால் அள்ளும் தொட்டி, பின்னால் பி.டி.ஓ.வில், அதாவது இன்ஜின் விசையைப் பின்கருவிக்குக் கொடுக்கும் தண்டில், சுழன்று பனியை வீசும் கருவி. நம் ஊர் உறைபனி வெயில் ஏறினால் கரைந்துவிடும். அங்கே விழுந்தது விழுந்தபடியே கிடக்கும். முதல் நாள் நான் பாதையோரத்திலேயே ஒதுக்கிவிட்டேன். இன்னும் பத்தடி தள்ளிக் கொட்டுங்கள் மாமா என்றார் மருமகன். ஜனவரியில்தான் புரிந்தது. ஓரத்துக் குவியல் கல்லாக இறுகிவிடுகிறது, அடுத்த பனிக்கு இடமில்லை, பாதை வாரத்துக்கு வாரம் ஒடுங்குகிறது.

ஒரு காலையில் உறைந்த கட்டி ஒன்று கருவிக்குள் போய் ‘டக்’கென்று நின்றது. ஷியர் போல்ட் முறிந்திருந்தது. விரல் நீள போல்ட்தான். பல்சக்கரப் பெட்டி உடையாமலிருக்க, தான் முறிவதற்கென்றே வைத்தது. இன்ஜினை அணைத்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, கட்டையால் அந்தக் கட்டியைக் குத்தி எடுத்தேன். அடைப்பெடுக்கக் கையை விடவே கூடாது. அதில் விரல் இழந்தவர்கள் அங்கே நிறையப் பேர்.

இனி உன் விஷயம். புதுப் பனி கன மீட்டருக்கு நூறு கிலோ இருந்தாலே அதிகம். மழையில் ஊறிய மண் 1,800 கிலோவைத் தொடும். பனியை வழிய வழிய அள்ளிய தொட்டியில் நீ மண்ணைக் கால்வாசி அள்ளினாலே போதும். முன்னால் பாரம் ஏறினால் பின்சக்கரம் தரையை விடும். மருமகன் வண்டிக்குப் பின்னாலிருக்கும் பனி வீசும் கருவியே எதிர் எடை. உனக்குப் பின்னால் ஒரு பெட்டியில் கான்கிரீட் ஊற்றிக் கட்ட வேண்டும். தொட்டியைத் தரையை ஒட்டியே கொண்டுபோ. சரிவில் உயர்த்தினால் வண்டி கவிழும். ஓட்டுநருக்கு மேலே இரும்பு வளைவும் சீட் பெல்ட்டும் இல்லாத வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதே. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மண்ணைப் பள்ளத்துப் பக்கம் தள்ளவும் வேண்டாம். அடுத்த மழையில் அது கீழ்ப்பாத்திப் பூண்டின் மேல்தான் இறங்கும். மேல் வரப்பின் வடிகால் தூர்ந்திருந்தால் முதலில் அதை வெட்டு. அள்ள வேண்டிய மண்ணே பாதியாகும்.

பாதையின் மிகக் குறுகலான வளைவை நாடா வைத்து அளந்து எழுது. மே மாதம் வருகிறேன். இருவருமாகப் போய் வண்டி பார்ப்போம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்