கதையை யார் சொல்வது?

அன்புள்ள நண்பா,

கடிதமும் கதையும் சேர்ந்தே வந்தன. இங்கே மாடி வேலை இன்னும் முடியவில்லை, பொங்கலுக்கு ஊருக்குப் போன கொத்தனார் போனவர்தான். பெரியவளுக்குக் காலேஜில் இடம் கிடைத்துவிட்டது. சரி, உன் கதைக்கு வருகிறேன்.

அக்காவுக்குப் பங்கு இல்லாமலே நிலம் கைமாறுகிறது, நல்ல கதைதான். ஆனால் பாதியில் ஒரு வரி தடுக்கிவிட்டது. அதுவரை நாம் அக்காவோடு அடுப்படியில் நிற்கிறோம், திண்ணையில் நடக்கிற பேச்சு பாதி காதில் விழுகிறது, பாதி விழவில்லை. திடீரென்று 'தம்பிக்கு உள்ளுக்குள் குறுகுறுத்தது' என்கிறாய். அடுப்படியில் நிற்கிறவளுக்கு அது எப்படித் தெரியும்? படர்க்கையில் எழுதினால் எல்லார் மனசுக்குள்ளும் புகுந்து வரலாம்தான், ஆனால் முதல் பத்தியிலிருந்தே அப்படிப் பழக்கியிருக்க வேண்டும். 'தம்பி காபியை வாங்கிக்கொண்டான், அவள் முகத்தைப் பார்க்கவில்லை' என்று எழுதிப் பார். அவள் கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான்.

கி.ரா.வின் (கி. ராஜநாராயணன்தான்) 'கன்னிமை' சிறுகதையை மறுபடி எடுத்துப் படி. முதல் பாதியை நாச்சியாரம்மாவுக்குச் சகோதரன் முறையில் உள்ள ஒருவன் சொல்கிறான். அவன் வாயால் கேட்கும்போது அவளைப் போல் வாரிக் கொடுக்கிற கை உலகத்தில் இல்லை. அடுத்த பாதியில் அவளைக் கட்டிக்கொண்ட ரங்கையா பேசுகிறான், பார்த்தால் அவள் கணக்குப் பார்க்கிற கறாரான குடும்பத்தலைவி. மாறிவிட்டாள் என்று இரண்டு பேருக்கும் வருத்தம். ஏன் மாறினாள் என்று சொல்ல அவளுக்கு ஒரு பத்திகூடக் கிடையாது! அவளே சொல்லியிருந்தால் அவளுக்கு நியாயம் கிடைத்திருக்கும், கதை செத்திருக்கும். எனக்கென்னவோ ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் அந்த இரண்டு ஆண்கள் மேல்தான் சந்தேகம் வருகிறது. அவள் கையால் வாங்கித் தின்று பழகியவர்கள் இல்லையா.

நீ உடனே அசோகமித்திரனை இழுப்பாய், தெரியும். '18வது அட்சக்கோடு' நாவலில் 'நான்' என்று பேசுகிறவனே அடுத்தாற்போல் 'சந்திரசேகரன்' ஆகிவிடுகிறான், மறுபடி 'நான்'. ஆனால் அங்கே அது திரும்பத் திரும்ப நடக்கிறது, நிஜாமுக்காக ஆயுதம் எடுத்த ரஜாக்கர் படை ஆட்டம் போட்ட காலத்து ஹைதராபாத்தில் அந்தப் பையன் தன்னையே யாரோ மாதிரி பார்க்க வேண்டியிருக்கிறது, படிக்கிற நமக்கும் அது பழகிவிடுகிறது. உன் கதையில் ஒரே ஒரு வரி, கைதவறினதாகத்தான் தெரியும்.

அப்புறம் ஒன்று, கதையைத் தம்பியே சொன்னால் என்ன? அக்கா கல்யாணத்துக்குப் போட்ட நகை, அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவு, பத்திரச் செலவு என்று அவன் பாட்டுக்குக் காரணங்களை அடுக்கட்டும். யாரும் கேட்காமலே ஒருத்தன் இவ்வளவு கணக்குச் சொல்கிறான் என்றால் வாசகனுக்குப் புரியாதா? அக்காவை விட மனசில்லையென்றால் அந்த ஒரு வரியை வெட்டிவிட்டு அனுப்பு. எதுவானாலும் பத்திரிகைக்குப் போகும் முன் எனக்கு வரட்டும். வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்