இரவல் வண்டி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. முழங்கால் வலி என்று சொன்னால் நம்பிவிடுவாய், ஆனால் உண்மையில் சோம்பல்தான். பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். உன் இரத்த அழுத்தம் பற்றி நீ ஒரு வரியில் முடித்துக்கொண்டது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. ஒழுங்காக மாத்திரை சாப்பிடு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்துப் போக்குவரத்துக் கழகம் பன்னிரண்டு பஸ் இரவல் கேட்கிறது, எந்த வண்டிகளை அனுப்புவது என்று பட்டியல் போடும் வேலை உன் தலையில் விழுந்திருக்கிறது. நல்ல வண்டியைக் கொடுத்தால் நம் ஓட்டுநர்கள் முறைப்பார்கள், பழசைக் கொடுத்தால் அவர்கள் முறைப்பார்கள் என்று புலம்பியிருக்கிறாய். நான் சொல்கிறேன், கூச்சப்படாமல் பழசையே கொடு. ஓட்டையைச் சொல்லவில்லை, பழசைச் சொல்கிறேன். பழைய வண்டியை எந்த மெக்கானிக்கும் சத்தம் கேட்டே சரிபண்ணிவிடுவான். புது வண்டியில் ஏதோ ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தால், அது என்ன என்று பார்க்கிற கருவியையும் நீதான் கூடவே அனுப்ப வேண்டியிருக்கும்.

1980 டிசம்பரில் நியூயார்க்கில் இதுதான் நடந்தது. கிரம்மன் என்ற கம்பெனியிடம் புதிதாக வாங்கிய பஸ்களில் அடிச்சட்டம் விரிசல் விட்டது. 637 வண்டிகளை ஒரேயடியாக ஓரங்கட்டினார்கள். குளிர்காலம் வேறு. அப்போது கைகொடுத்தவை வாஷிங்டனிலிருந்து வந்த பழைய பஸ்கள்தான். புதுசு படுத்த இடத்தில் பழசு ஓடியது.

நாங்கள் ஆறு வண்டி இரவல் வாங்கிய அந்த மழைக்காலம் உனக்குத் தெரியாது, நீ அப்போது மாற்றலாகிப் போயிருந்தாய். ராத்திரி பதினொரு மணிக்கு ஆறும் வரிசையாக டிப்போவுக்குள் வந்தன. நிறமே வேறு. விடிகாலை முதல் ட்ரிப்புக்கு ஏறிய ஓட்டுநர் பத்து நிமிஷம் ஹெட்லைட் சுவிட்சைத் தேடினார். கதவுப் பொத்தான் நம் வண்டியில் எந்தப் பக்கம் அழுத்தினால் திறக்குமோ, இதில் அந்தப் பக்கம் அழுத்தினால் மூடியது. முன்னால் இருந்த ஊர்ப்பெயர்ச் சுருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம், எல்லாம் அவர்கள் ஊர். கடைசியில் அட்டையில் மையால் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினோம். மழையில் இரண்டே நாளில் அது கரைந்து, எழுத்து கண்ணீர் விட்டது.

ஆனால் உண்மையான வேடிக்கை நிறுத்தத்தில். வண்டி போய் நிற்கிறது, ஜனங்கள் ஏறவே இல்லை! நாற்பது பேர் நிற்கிறார்கள், ஒருவரும் அசையவில்லை. நம் நிறம் இல்லையே, வேறு எங்கோ போகிற வண்டி என்று நினைத்துக்கொண்டார்கள். நடத்துநர் படியில் தொங்கிக்கொண்டு ஊர்ப் பெயரைக் கத்த வேண்டியதாயிற்று. காலி வண்டி முன்னால் போக, அரை மணி கழித்துப் பின்னால் வந்த நம் வண்டியில் ஜன்னல் வரை கூட்டம். அதனால் சொல்கிறேன், வாங்குகிறவர்களிடம் முதல் நாளிலிருந்தே நிறுத்தங்களில் அறிவிப்பு ஒட்டச் சொல். பஸ் வந்தால் போதாது, அது நம்ம பஸ் என்று ஜனங்களுக்குத் தெரிய வேண்டும்.

போர்க்காலத்து லண்டனிலும் இந்தக் காட்சி இருந்திருக்கும். 1940-இல் குண்டு வீச்சில் பஸ்கள் நாசமாகி, அக்டோபரில் லண்டன் மற்ற ஊர்களிடம் கை நீட்டியது. 400-க்கும் மேற்பட்ட பஸ்கள் மான்செஸ்டர் போன்ற ஊர்களிலிருந்து வந்தன, அதுவும் அவரவர் ஊர் நிறத்திலேயே. சிவப்பு பஸ்ஸுக்குப் பழகிய கண்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று பார். இதில் எனக்குப் பிடித்த பகுதி அதற்கு அப்புறம் நடந்தது. லண்டன் கொஞ்சம் நிமிர்ந்ததும், தன் பழைய பஸ்களை நூற்றுக்கணக்கில் மற்ற ஊர்களுக்கு இரவல் கொடுத்தது. கணக்கு நேரானது.

இன்னொரு கதை கேள். கனடாவில் டொரண்டோ நகரத்தில் மின்கம்பியில் ஓடும் டிராலி பஸ்கள் துருப்பிடித்துப் போன சமயம், 1990-இல் அதே நாட்டு எட்மண்டன் நகரத்திடமிருந்து 40 டிராலி பஸ்களை வாடகைக்கு எடுத்தார்கள். எட்மண்டனிடம் தேவைக்கு மேல் இருந்தது, இவர்களிடம் இல்லை; பொருத்தம்தான். ஆனால் புது வண்டி வாங்குவதா, கம்பியையே கழற்றுவதா என்ற முடிவு இழுத்துக்கொண்டே போனது. 1993-இல் டிராலி பஸ் சேவையே நின்றது, இரவல் வண்டிகள் ஊர் திரும்பின. இரவல் வண்டி மூன்று வருஷம் அவகாசம் கொடுத்தது. அந்த அவகாசத்தை என்ன செய்தார்கள் என்பதுதான் என் கேள்வி. உன்னிடம் கேட்கிறார்களே, அவர்கள் எத்தனை மாதத்துக்குக் கேட்கிறார்கள்? தேதி போட்டு எழுதி வாங்கு. "தேவை முடியும் வரை" என்று எழுதினால் அந்தத் தேவை முடியவே முடியாது.

அட்லாண்டா ஒலிம்பிக்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. 1996-இல் நாடு முழுவதிலிருந்தும் பஸ்களைச் சேர்த்தார்கள், ஓட்டுநர்களும் வெளியூர். வண்டிகள் வழியில் நின்றன, ஓட்டுநர்கள் வழி தெரியாமல் சுற்றினார்கள், விளையாட்டு வீரர்களே தாமதமாகப் போய்ச் சேர்ந்தார்கள். நீ பஸ் கொடுக்கலாம், ஆனால் தெருவைத் தெரிந்த ஓட்டுநரை இரவல் கொடுக்க முடியாது. அவர்கள் ஆளே ஓட்டட்டும். நம் ஆள் ஒருவர் போய் ஒரு நாள் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தால் போதும்.

அமெரிக்காவில் மத்திய அரசு பணம் கொடுக்கும்போது ஒரு வரம்பு வைத்திருக்கிறது. ஐம்பதோ அதற்கு மேலோ பஸ் ஓட்டும் நிறுவனம், நெரிசல் நேரத்தில் ஓடுகிற எண்ணிக்கையில் 20 சதவீதத்துக்கு மேல் ஸ்பேர், அதாவது மாற்று வண்டி, வைத்துக்கொள்ளக் கூடாது. வரிப்பணத்தில் வாங்கிய வண்டி டிப்போவில் தூங்கக் கூடாது என்பது நியாயம்தான். ஆனால் ஒரே பேட்ச் வண்டி முழுக்கக் கெட்டுப்போனால் அந்த ஸ்பேர் எந்த மூலைக்கு? 2022 ஏப்ரலில் பாரிஸில் இரண்டு மின்சார பஸ்கள் தீப்பிடித்ததும், அதே ரகத்தில் 149 வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொரு ஊரும் வேறு வேறு வருஷம், வேறு வேறு கம்பெனியில் வாங்குவதால்தான் இரவல் என்ற ஒன்றே நடக்கிறது. எல்லோரும் ஒரே டெண்டரில் வாங்கினால் விலை குறையும் என்று யாராவது உன்னிடம் சொன்னால், இதையும் சொல்லிவை.

கடைசியாக டயர். சில இடங்களில் டயர் கழகத்துக்கே சொந்தமில்லை, டயர் கம்பெனியிடமிருந்து வாடகை. ஓடிய மைலுக்குக் காசு. அப்படி இருந்தால் இரவல் வண்டி யார் கணக்கில் ஓடுகிறது என்று முதலிலேயே பேசிவிட வேண்டும். உங்களிடம் அந்த வழக்கம் இல்லாவிட்டாலும், அனுப்பும் அன்றைக்கு மீட்டர் கணக்கு, டயர் நம்பர், டீசல் அளவு, ஒவ்வொரு கீறல் எல்லாவற்றையும் இரண்டு பேரும் நின்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நாங்கள் போடவில்லை. திருப்பிக் கொடுக்கும்போது ஒரு கண்ணாடி விரிசலுக்காக இரண்டு மணி நேரம் சண்டை. அது வரும்போதே இருந்தது என்று நான் இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

வண்டிகள் போன பிறகு ஒரு கடிதம் போடு. படிக்க ஆவல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்

பி.கு.: ஜாக்கியையும் பட்டியலில் எழுது. எங்களிடம் வந்தபோது ஆறு வண்டியிலும் இருந்தது, திரும்பிப் போனபோது ஐந்தில்தான் இருந்தது. ஆறாவது எங்கே போனது என்று எனக்குத் தெரியும், நேரில் வரும்போது சொல்கிறேன்.