புதுவீட்டுக்காரனுக்கு

பில்பாவோ
மே 3

ஏலே சேவியரு,

நீ கோபமாக இருக்கிறாய் என்று உன் தங்கச்சி போனில் சொன்னாள். "உங்க பேரை எடுத்தாலே அண்ணன் மூஞ்சியத் திருப்பிக்கிடுது" என்றாள். திருப்பிக்கொள், நியாயம்தான். சவேரியார் திருநாள் மலருக்கு ரெண்டே ரெண்டு பக்கம் கேட்டாய். "அவர் பிறந்த மண்ணிலிருந்து" என்று தலைப்பு வரைக்கும் நீயே வைத்துக் கொடுத்தாய். நானும் பெரிய இவன் மாதிரி சரி என்று சொல்லிவிட்டு ஏழு மாதம் தலைமறைவாகிவிட்டேன். எனக்கு ஒதுக்கிய பக்கத்தில் நகைக்கடை விளம்பரம் போட்டு ஐயாயிரம் தேற்றிவிட்டதாகக் கேள்வி. பார்த்தாயா, நான் எழுதாமல் இருந்ததில் சபைக்கு லாபம்.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? சின்னவளுக்கு முன்பல் ரெண்டு விழுந்து முளைத்துவிட்டது. என் தொப்பையைப் பற்றி நீ கேட்கப்போவதால் நானே சொல்லிவிடுகிறேன்: இருக்கிறது. தை மாதத்திலிருந்து சித்திரை வரைக்கும் இங்கே சிட்ராக் கூடங்களின் காலம். ஆப்பிளைப் புளிக்கவைத்துப் பெரிய மரப்பீப்பாயில் நிரப்பியிருப்பார்கள். வீட்டுக்காரர் "சோச்!" என்று கத்துவார். சாப்பாட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய், பீப்பாயிலிருந்து பீய்ச்சியடிப்பதை டம்ளரில் தூரத்திலிருந்து பிடிக்க வேண்டும். பதநீர் பிடித்து வளர்ந்த கை ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை என்பதை உனக்குப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். கூடவே கருவாட்டு முட்டைப்பொரியல். காட் மீனை உப்புப்போட்டுக் காயவைத்தால் அதற்குப் பெயர் வேறென்ன? இங்கே அதற்குக் கருவாட்டு விலை இல்லை, அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் எழுதாததற்குக் காரணம் சோம்பல் மட்டுமில்லை. ஆறு வருஷமாக இங்கே இருந்தும் அவர் பிறந்த கோட்டையை நான் பார்த்ததே இல்லை. காரில் ரெண்டரை மணி நேரம். நம்மூரில் வெளிநாட்டுக்காரன் எவனாவது வந்து இறங்கினால் மணப்பாட்டுக் குகையைக் காட்ட இழுத்துக்கொண்டு ஓடுகிறவன் நான். வெட்கமாக இருந்தது. பார்க்காமல் எழுதினால் நம் பழைய உபதேசியார் பிரசங்கம் மாதிரி வரும்.

அதனால் இந்த மார்ச்சில் போய்விட்டேன். அதுவும் நடந்து.

மார்ச் தொடக்கத்தில் வடக்கு ஸ்பெயினிலுள்ள நவாரா நாடு முழுவதும் சவேரியார் கோட்டையை நோக்கி நடக்கிறது. 1885-இல் காலரா வந்தபோது செய்த நேர்ச்சையிலிருந்து கிளம்பிய பழக்கம். இப்போதைய வடிவத்தில் 1940 முதல் நடக்கிறது. கெட்டிக்காரர்கள் பாம்ப்லோனாவிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டரை ராத்திரியெல்லாம் நடந்து வருவார்கள். என்னை மாதிரி ஆட்கள் சங்குவேசா என்ற ஊரில் இறங்கிக் கடைசி எட்டு கிலோமீட்டரைச் சிலுவைப்பாதையாக நடப்பார்கள். வேளாங்கண்ணிக்கு நாம் நடந்தபோது நீ புளியமரத்தடியில் படுத்துவிட்டாயே, அது மாதிரி ஓரமெல்லாம் ஆட்கள் செருப்பைக் கழற்றிக் கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காவி இல்லை, மொட்டை இல்லை. ஆனால் அந்த முகம் மட்டும் அதே முகம். குளிர்காற்று காதைக் கடித்தது. ரெண்டு பக்கமும் பச்சைக் கோதுமை. கடைசியில் ஒரு மேடு ஏறினால் கீழே கோட்டை.

இடையில் ஒரு எச்சரிக்கை. நவாராவையும் பில்பாவோ மாதிரி பாஸ்க் மொழிக்காரர்களின் நாடு என்று சொன்னால் அங்கே பாதிப்பேருக்குக் கோபம் வரும். இல்லை என்று சொன்னால் மீதிப்பேருக்கு வரும். நான் வாயைத் திறக்கவில்லை.

கோட்டை என்றால் செஞ்சி மாதிரி நினைத்துவிடாதே. நம் பெரிய கோயில் கோபுரத்தையும் மேடையையும் சேர்த்த அளவு இருந்தால் அதிகம். அதையும் ஒருமுறை இடித்துவிட்டார்கள். 1512-இல் பக்கத்து ராஜ்யமான காஸ்டில்காரர்கள் நவாரா அரசைப் பிடித்தார்கள். 1515-இல் சவேரியாரின் அப்பா செத்துப்போனார். அடுத்த வருஷம் கோட்டையின் கோபுரங்களை இடிக்கும்படி உத்தரவு வந்தது. சவேரியாருக்கு அப்போது பத்து வயது, வீடு இடிபடுவதைப் பார்த்து வளர்ந்த பையன். இன்னும் கேள். 1521 மே மாதம் அவர் அண்ணன்மார் நவாராவை மீட்கப் படையோடு கிளம்பியபோது, எதிர்ப்பக்கம் பாம்ப்லோனாக் கோட்டையைக் காத்துக்கொண்டு நின்றவர் யார் தெரியுமா? பின்னாளில் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார். குண்டு பட்டு அவருக்குக் கால் உடைந்த சண்டை அதுதான். எட்டு வருஷம் கழித்து அந்த நொண்டிக்காலோடு அவர் பாரிசில் வந்து இறங்கிய அறையில் படுத்திருந்தவர் சவேரியார்! இதையெல்லாம் நமக்கு மறைக்கல்வி வகுப்பில் ஏன் சொல்லவில்லை? தங்க ஜரிகை மேலங்கி போட்ட சுரூபத்தைக் காட்டிக் கும்பிடச் சொன்னார்களே தவிர, இவர் ஊர் தோற்ற ஊர் என்று ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

உள்ளே ஒரு சின்ன சிற்றாலயம். அதில் சிரிக்கிற இயேசு. சத்தியமாகச் சிரிக்கிறார், சிலுவையில் தொங்கிக்கொண்டே. சுவரைச் சுற்றி எலும்புக்கூடுகள் ஆடுகிற ஓவியம். பாரிசுக்குப் போகும்வரை தினம் இந்தச் சிரிப்பின் முன்னால்தான் முழங்காலிட்டிருப்பார்.

அப்புறம் உன் பெயர். இதைச் சொல்லத்தான் கை அரிக்கிறது. பாஸ்க் மொழியில் 'எச்சே' என்றால் வீடு, 'பெர்ரி' என்றால் புதிது. எச்சேபெர்ரிதான் தேய்ந்து தேய்ந்து ஷவியேர், ஹாவியேர், சேவியர், சவேரியார். உன் பெயர் புதுவீடு, லே! நாலு வருஷமாகக் கம்பி நீட்டிக்கொண்டு கூரை போடாமல் நிற்கிற ஒரு வீட்டின் சொந்தக்காரனுக்கு இப்படி ஒரு பெயர். சங்குவேசா ரோட்டில் தனியாகச் சிரித்தேன். கூட நடந்த அம்மா எனக்கு உடம்புக்கு என்ன என்று கேட்டார்கள்.

அந்த அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபது தாண்டியவர், பள்ளிக்கூடத்தில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். நான் எந்த ஊர் என்று கேட்டார். முத்துக்குளித்துறை, உங்கள் ஆள் வந்து எங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கடற்கரை என்றேன். சட்டென்று நின்றுவிட்டார். "அப்படியானால் அவருடைய மொழியைப் பற்றி எங்களுக்குச் சாட்சி சொன்னது உங்கள் ஊர்தான்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

பிறகு வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து ரோமுக்கு எழுதிய கடிதத்தில் சவேரியார் சொல்கிறார்: அவர்கள் பேசுவது எனக்குப் புரியவில்லை, நான் பேசுவது அவர்களுக்குப் புரியவில்லை. அவர்கள் தாய்மொழி மலபார், என்னுடையது பாஸ்க். மலபார் என்றால் தமிழ்தான், அன்றைக்கு போர்த்துகீசியர் அப்படித்தான் சொல்வார்கள். அவர் ஸ்பானியர் என்றோ போர்த்துகல் ராஜா அனுப்பிய ஆள் என்றோதானே நாம் படித்தோம்? அவரே தன் மொழி இதுதான் என்று எழுதியிருக்கிறார். அதை எழுத வைத்தது, அவர் வாயைப் பார்த்து முழித்துக்கொண்டு நின்ற நம் பாட்டன்மார்.

அடுத்தது இன்னும் ருசி. ரெண்டு மொழியும் தெரிந்தவர்களைப் பிடித்துவைத்துப் பல நாள் உட்கார்ந்து ஜெபங்களைத் தமிழில் பெயர்த்தாரல்லவா? விசுவாசப்பிரமாணத்தில் "நான் நம்புகிறேன்" என்பதற்கு எவனோ "வேணும்" என்று சொல்லிக்கொடுத்துவிட்டான். கடற்கரை முழுக்க ஜனங்கள் "கடவுள் வேணும்" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். 1544-இலேயே மான்சிலாஸ் என்கிற கூட்டாளிக்கு அவர் எழுதுகிறார்: அந்த 'வேணும்' என்பதை எடுத்துவிடு, அதற்குப் பதில் 'விசுவாசம்' என்று போடு, ஏனென்றால் வேணும் என்றால் ஆசைப்படுகிறேன் என்று அர்த்தமாம். எனக்கு அந்தப் பழைய தப்பையே விட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது. பங்குச்சாமியாரிடம் இதைச் சொல்லாதே.

அதற்கு மறுவருஷம், 1545-இல், பாஸ்க் மொழியில் முதல் புத்தகம் போர்தோவில் அச்சாகிறது. தன் மொழியில் முதல் புத்தகம் வந்தபோது அவர் நம் மொழியில் தப்புத் திருத்திக்கொண்டு எங்கோ கிழக்கே கப்பலேறிக்கொண்டிருந்தார். நமக்கு கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சேறியது 1578. முப்பத்துமூன்று வருஷ வித்தியாசம், அவர்கள் அண்ணன், நாம் தம்பி. சங்கப் பெருமை பேசி யாரும் சண்டைக்கு வர வேண்டாம், அச்சில் மட்டும்தான் சொல்கிறேன்.

ஆனால் இப்போது கோட்டை ஊரில் அந்த மொழி தெருவில் கேட்காது. அந்த அம்மாவின் பாட்டி ரொங்கால் பள்ளத்தாக்குக்காரி, கோட்டைக்கு வடக்கே, மலைப்பக்கம். அந்தப் பள்ளத்தாக்குக்கென்று ஒரு வட்டாரப் பேச்சு இருந்தது. அதைப் பேசிய கடைசி மனுஷி ஃபிதெலா பெர்னாத் 1991-இல் இறந்துபோனார். அதோடு முடிந்தது. நாம் பத்தாம் வகுப்பு எழுதிய வருஷம்டா.

பள்ளிக்கூடத்தில் ஒரு மோதிரம் வைத்திருப்பார்களாம். பாஸ்க்கில் பேசிய பிள்ளையின் கையில் அதைக் கொடுத்துவிடுவார்கள். அது இன்னொரு பிள்ளை பேசும்போது பிடித்து, அதன் கையில் தள்ளிவிட வேண்டும். கடைசியில் யாரிடம் இருக்கிறதோ அதற்கு அடி. பாட்டிக்கு அடியைவிட, தன் சிநேகிதியிடம் மோதிரத்தைத் தள்ளிய நாள்தான் சாகும்வரை நினைவிருந்ததாம்.

சேவியரு, அதற்குப் பிறகு என்னால் பேச முடியவில்லை. ஒத்த ரூபா, ஒத்த ரூபா என்று இன்றைக்கும் உன்னைக் கூப்பிட்டுச் சிரிக்கிறோம். தமிழில் பேசினால் ஒரு ரூபாய் அபராதம், பட்டியல் எழுதுவது லீடர். லீடர் யார்? உன் பெயரைப் பதினேழு தடவை எழுதியிருக்கிறேன். மிஸ்ஸுக்கு என்மேல் பிரியம் வரட்டும் என்று, நீ பேசாத நாளில்கூட ரெண்டு தடவை எழுதினேன். உன் அப்பா கடலுக்குப் போக முடியாமல் படுத்திருந்த அந்த மாதம், நீ ரெண்டு நாள் பள்ளிக்கு வராமல் கடற்கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தாய். காய்ச்சல் என்று சொன்னாய். எனக்குத் தெரியும். இருந்தும் வந்து உன் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன், உன் கடலைமிட்டாயைத்தான் தின்றேன். இதை மலரில் எழுதியிருக்க முடியுமா, சொல்.

போகட்டும். அந்த அம்மா ஐம்பது வயதில் மாலை வகுப்பில் சேர்ந்து பாட்டியின் மொழியைப் படித்தாராம். அப்படிப்பட்ட வகுப்புகளுக்குப் பணம் சேர்க்கத்தான் 'கோரிக்கா'. என் வீட்டுக்காரி அதைக் கோரிக்கை என்றே நினைத்து, யாரிடம் மனு கொடுக்கிறார்கள் என்று கேட்டாள். கோரிக்கா என்றால் ஓட்டம். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை, ஸ்பெயின் பக்கம், பிரான்ஸ் பக்கம் ரெண்டிலும் சேர்த்து ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல், பத்துப் பதினொரு நாள், ராப்பகலாக நிற்காமல் ஓடுவார்கள். 1980-இல் ஒஞாத்தியிலிருந்து பில்பாவோவுக்கு ஓடியது முதலாவது. ஒவ்வொரு கிலோமீட்டரையும் ஒருவர் காசு கொடுத்து வாங்குவார்: பள்ளிக்கூடம், மீன்கடை, ஃபுட்பால் கிளப். கையில் ஒரு மரக்கோல் மாறிக்கொண்டே போகும். அதற்குள் ஒரு கடிதம் சுருட்டி வைத்திருக்கும். கடைசி ஊரில் பிரித்து வாசிக்கும்வரை என்ன எழுதியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

சென்ற முறை சின்னவளின் பள்ளி ஒரு கிலோமீட்டர் வாங்கியது. அதற்குக் கிடைத்த நேரம் விடியற்காலை மூன்றே கால். மழை. நானும் ஓடினேன். நானூறு மீட்டரில் மூச்சு நின்றுவிட்டது. சின்னவள் திரும்பி எவுஸ்காராவில், அதாவது பாஸ்க் மொழியில், என்னமோ கத்தினாள், பிள்ளைகளெல்லாம் சிரித்தன. அப்புறம் நமக்குப் புரியட்டும் என்று "அப்பா, வா லே!" என்றாள். அந்த 'லே' யார் சொல்லிக்கொடுத்தது என்று வீட்டுக்காரி இன்னும் விசாரணை நடத்திக்கொண்டிருக்கிறாள்.

போன வாரம், ஏப்ரல் 26, பில்பாவோ பக்கத்து ஊரான கெர்னிகா போனோம். 1937-இல் அன்றைக்குத் திங்கள்கிழமை, சந்தை நாள். ஜெர்மன், இத்தாலி விமானங்கள் குண்டு போட்டு ஊரை எரித்தன. ஊரை ஊர்க்காரர்களே கொளுத்திக்கொண்டார்கள் என்று உள்நாட்டுப் போரில் அந்த விமானங்களின் உதவியைப் பெற்ற தளபதி பிராங்கோவின் ஆட்கள் சொன்னார்கள், வருஷக்கணக்காகச் சொன்னார்கள். இப்போது அதன் நினைவாகச் சைரன் ஊதியபோது சின்னவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ நூற்றாண்டாக அந்த நாட்டுச் சட்டத்தை மதிப்போம் என்று அரசர்கள் சத்தியம் செய்த ஓக் மரத்தின் வழிவந்த மரம் அந்தக் குண்டுவீச்சில் தப்பித்தது. அது 2004-இல் பட்டுப்போக, அதன் வித்திலிருந்து வந்த கன்றுகளையே அதே இடத்தில் திரும்ப நடுகிறார்கள். இப்போது நிற்கிற மரம் ரொம்பச் சின்னது. படம் எடுக்க வந்தவர்கள் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்தது. எனக்குப் பிடித்திருந்தது.

தூத்துக்குடிக்கு வருகிற கப்பலில் தெரிந்த பையன் ஒருவன் ஏறுகிறான். அவனிடம் இந்தக் கடிதத்தோடு பதினேழு யூரோ நாணயம் கொடுத்துவிடுகிறேன். அபராதப் பணம், வட்டியோடு சேர்த்து. இன்றைய விலைக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு உட்காராதே, உன் கணக்கு லட்சணம் எனக்குத் தெரியும். சிமெண்டுக்குப் போடு. கூரை போடுகிற தேதியை மட்டும் ஒரு மாதம் முன்னாலேயே சொல், டிக்கெட் எடுக்க வேண்டும்.

உன்,
லீடர்