நஞ்சு இறங்கியிருக்கிறது என்று சொன்னாயே

அன்புள்ள கண்ணுக்கு,

நீ அனுப்பிய ஐந்தாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்தேன். நஞ்சு, அதாவது குழந்தைக்கு ஊட்டம் கொடுக்கும் நஞ்சுக்கொடி (பிளசென்டா), கர்ப்பப்பை வாயிலிருந்து 12 மில்லிமீட்டரில் இருக்கிறது. 20-க்குக் குறைந்தால் இறங்கியிருக்கிறது என்போம். இந்த மாதத்தில் இப்படி இருக்கும் பத்தில் ஒன்பது பேருக்கு, கர்ப்பப்பை பெரிதாகும்போது அது மேலே விலகிவிடும். அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

எனக்குக் கவலை அடுத்த வரிதான்: 'முன்பக்கச் சுவர்'. நஞ்சு கர்ப்பப்பையின் முன்பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. பெரியவனுக்குச் சிசேரியன் செய்த தழும்பும் அங்கேதான். நஞ்சு விலகாமல் வாயை மூடி, அந்தத் தழும்பின் மேலேயே உட்கார்ந்தால், சிலருக்குத் தசைக்குள் ஊடுருவி ஒட்டிக்கொள்ளும். குழந்தை பிறந்த பிறகும் கழன்று வராது; இழுத்தால் ரத்தம் கொட்டும். உயிரைக் காப்பாற்றக் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டிவரலாம். 2006-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், நஞ்சு வாயை மூடியிருந்து இரண்டாவது சிசேரியனுக்கு வந்தவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு இப்படி ஒட்டியிருந்தது. மூன்றாவது சிசேரியன் என்றால் 40 பேர். பிரசவ வார்டில் இரண்டு கையிலும் ஊசி போட்டு, ரத்தப் பையைக் கையால் அமுக்கி அமுக்கி ஏற்றியிருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

32-வது வார ஸ்கேனில், "நஞ்சு பழைய தழும்பைத் தொடுகிறதா?" என்று நீயே வாய்விட்டுக் கேள். உள்ளே வைத்துப் பார்க்கும் ஸ்கேன் என்றால் பயப்படாதே, அதில்தான் துல்லியமாகத் தெரியும். வலியே இல்லாமல் ரத்தம் பட்டால், நின்றுவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. உனக்கு ஓ நெகட்டிவ்; குழந்தையின் ரத்தம் பாசிட்டிவாக இருந்தால் உன் உடம்பு அதை எதிர்க்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசியையும் ஞாபகப்படுத்து. வயிறு கல்லாக இறுகி வலித்தால் அது வேறு ஆபத்து, நஞ்சு முன்கூட்டியே பிரிவது. பிரஷர் இருப்பவர்களுக்கு அதிகம் வரும். பிரஷரைத் தவறாமல் பார்.

படி ஏறினாய், குடம் தூக்கினாய், அதனால்தான் நஞ்சு இறங்கியது என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதே. முந்தைய சிசேரியன், கர்ப்பப்பையைச் சுரண்டியது, வயது 35-க்கு மேல், இரட்டைக் குழந்தை, புகைப்பழக்கம், இவைதான் காரணமாக வரும்.

அப்புறம், வளைகாப்பு முடிந்து உன்னை இங்கே அழைத்துவர வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். தாய்வீட்டில் பிரசவம் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் இங்குள்ள நர்சிங் ஹோமில் ரத்த வங்கி இல்லை, நெகட்டிவ் ரத்தத்துக்குத் தஞ்சாவூருக்கு ஆள் ஓட வேண்டும். ரத்த வங்கியும் பச்சிளம் குழந்தைப் பிரிவும் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் அங்கேயே பதிந்துகொள். நஞ்சு விலகாவிட்டால் 36, 37 வாரத்திலேயே ஆபரேஷன் வைப்பார்கள், நான் அதற்கு முன்பே வந்துவிடுகிறேன். பெரியவனை நான் பார்த்துக்கொள்கிறேன். மாப்பிள்ளையிடம் டிக்கெட் போடச் சொல்.

அன்புடன்,
அம்மா