ஆம்புலன்ஸுக்கு வழிவிடுகிறோம், உள்ளே யார் இருக்கிறார்?

மதிப்பிற்குரிய தமிழ்நாடு சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 194இ பிரிவு அப்படித்தான் சொல்கிறது. நல்ல விஷயம். ஆனால் நாம் ஒதுங்கி வழிவிட்ட அந்த வண்டிக்குள் நோயாளியோடு உட்கார்ந்திருப்பவர் யார், வண்டி எந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறது என்று கேட்க நம் மாநிலத்தில் தனிச் சட்டம் இல்லை.

என் சித்தப்பாவுக்கு ஒரு ராத்திரி நெஞ்சுவலி. 108ஐக் கூப்பிட்டோம். பக்கத்து வண்டி ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தது, அடுத்தது வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, இருக்கிற வண்டியைத்தானே அனுப்ப முடியும். தெரிந்தவர் ஒருவர் தனியார் ஆம்புலன்ஸைக் கூட்டிவந்தார். சைரன் இருந்தது. சிலிண்டரும் இருந்தது, அதைத் திறக்கும் ஸ்பேனர்தான் இல்லை. டிரைவரைத் தவிர வேறு ஆள் கிடையாது. அவர் தனக்குப் பழக்கமான ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கே முன்பணம் வாங்கி, இ.சி.ஜி. எடுத்து, அப்புறம்தான் இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் கேத் லேப் இல்லை என்றார்கள். மறுபடி அதே வண்டி, இன்னும் 40 கிலோமீட்டர். சித்தப்பா பிழைத்துக்கொண்டார். ஆனால் வயலுக்கு நடந்தே போய்வந்த மனிதருக்கு இப்போது திண்ணையிலிருந்து இறங்கினாலே மூச்சு வாங்குகிறது.

108 சேவை 2008 செப்டம்பரில் நம் மாநிலத்துக்கு வந்தது. அதன் பைலட் எனப்படும் டிரைவரும், இ.எம்.டி. எனப்படும் அவசர மருத்துவ உதவியாளரும் 12 மணி நேர ஷிஃப்டில் செய்கிற வேலையை நேரில் பார்த்தவர்கள் குறைத்துப் பேச மாட்டார்கள். ஆனால் அந்தச் சேவை நிற்பது அரசுக்கும் ஒரு நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தத்தின் மேல். நோயாளி அதில் ஒரு தரப்பே இல்லை. தனியார் வண்டிகளோ அந்த ஒப்பந்தத்துக்கும் வெளியே. வண்டியை எப்படிக் கட்ட வேண்டும் என்பதற்கு ஏஐஎஸ்-125 என்ற தரம் இருக்கிறது. உள்ளே பயிற்சி பெற்றவர் இருக்கிறாரா என்பது அதன் கவலை இல்லை. தனியார் ஆம்புலன்ஸ் கட்டணத்தை அரசு நிர்ணயிக்க 2021இல் ஒரு கொரோனா அலையே வர வேண்டியிருந்தது.

இதெல்லாம் புதுப் பேச்சும் இல்லை. மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து மண்டையில் அடிபட்ட ஒருவரை அரசு ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பிய வழக்கில், எங்கே படுக்கை காலியாக இருக்கிறது என்று சொல்லும் மையத் தகவல் ஏற்பாடு வேண்டும் என்று 1996லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவசர சிகிச்சைக்கென ஒரு மாதிரிச் சட்டத்தை சட்ட ஆணையம் தன் 201ஆவது அறிக்கையில் எழுதியே கொடுத்தது, அது 2006இல். மறுவருடமே குஜராத் தனிச் சட்டம் கொண்டுவந்தது.

நம் அரசு சும்மா இருந்தது என்றும் சொல்ல முடியாது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமில்லாத சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும். ரோட்டில் விழுந்தவருக்கு முடிகிறது. வீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவருக்கும், பாம்பு கடித்தவருக்கும், பக்கவாதம் வந்தவருக்கும் அதே வழியை ஏன் திறக்கக் கூடாது?

அவசர சிகிச்சைக்கென நமக்கும் ஒரு சட்டம் வேண்டும். அதை எழுதும்போது ராஜஸ்தானை மறக்காதீர்கள். முன்பணம் கேட்காமல் அவசர சிகிச்சை தர வேண்டும் என்று 2023இல் அங்கே சட்டம் வந்தபோது தனியார் மருத்துவர்கள் தெருவில் இறங்கினார்கள். செலவை யார், எப்போது கொடுப்பார்கள் என்பது அவர்களுடைய முக்கியமான கேள்வி. நியாயமான கேள்விதான். அதனால் பணம் எத்தனை நாளில் வந்து சேரும் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள், தண்டனைப் பிரிவெல்லாம் அப்புறம். பயிற்சி பெற்ற ஆள் இல்லாத வண்டிக்கு ஆம்புலன்ஸ் என்ற பெயரே கூடாது. எந்த நோயாளி எந்த ஆஸ்பத்திரிக்கு என்பதை டிரைவரின் பழக்கம் அல்ல, கட்டுப்பாட்டு அறை முடிவு செய்யட்டும். தாலுகாவாரியாக வண்டி வந்து சேர எத்தனை நிமிடம் ஆனது என்ற கணக்கை மாதாமாதம் வெளியிடுங்கள்.

அடுத்த கூட்டத்தொடருக்கு முன்னால் உங்கள் தொகுதியில் ஏதாவது ஒரு தனியார் ஆம்புலன்ஸின் பின்கதவைத் திறக்கச் சொல்லி, சிலிண்டரை நீங்களே ஒருமுறை திறந்து பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாக்காளர்களில் ஒருவர்