போன்சாய் சங்கத்தின் 2024ஆம் ஆண்டறிக்கை

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆண்டு தொடங்கியதே புயலோடுதான். ஜனவரி 15, தைப்பொங்கலன்று நம் மொரீஷியசில் பெலால் புயல். தலைநகர் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்களை வெள்ளம் இழுத்துப் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். தொட்டியில் குட்டையாக வளர்க்கும் நம் போன்சாய் மரங்களுக்கோ மழையைவிடக் காற்றுதான் பகை. முந்தின நாளே தொட்டிகளை மேடையிலிருந்து இறக்கிச் சுவரோரம் நெருக்கி வைத்தவர்கள், உயரமான மரங்களைப் படுக்க வைத்தவர்கள் தப்பித்தார்கள். கடலோர வீடுகளில் சில புளியமரங்கள் மட்டும் உப்புக்காற்றில் இலை கருகின. காற்று ஓய்ந்த கையோடு நல்ல தண்ணீரில் இலைகளைக் கழுவிவிட வேண்டும். அடுத்த புயலுக்கு மறக்க வேண்டாம். அப்புறம் தைப்பூச விரதம் வந்துவிட்டது. ஜனவரி 25 காவடி முடிந்து, பிப்ரவரியில்தான் கூடினோம்.

இந்த ஆண்டு உருப்படியாகச் செய்தது மண் கலவை. போன்சாய்க்கென்றே விற்கும் ஜப்பானிய அகடாமா மண்ணை வரவழைத்துக் கட்டுப்படியாகாது. அதுவும் நாளடைவில் நொறுங்கிவிடும். நம் தீவே எரிமலைக் கல். பவள மணல் அள்ள 2001இல் தடை வந்தபின் கட்டட வேலைக்கெல்லாம் ராக் சாண்ட் என்னும் கருங்கல் மணல்தான். அதை அப்படியே தொட்டியில் கொட்டினால் மாவுப்பொடி அடியில் இறுகும், தண்ணீர் தேங்கும், வேர் அழுகும். கொசுவலைக் கம்பியில் சலித்து, மேலே நிற்கும் மணியைக் கழுவி, மட்கிய தழையுரம் கலந்தோம். மழை ஓயாத கியூர்ப்பிப்பில் கல்லைக் கூட்டுங்கள். போர்ட் லூயிஸ் வெயிலுக்கு உரத்தைக் கூட்டுங்கள்.

போர்ட் லூயிஸ் கம்பெனித் தோட்டத்து ஆலமரங்களைப் பார்க்கப் போனது படம் பார்ப்பதைவிட நல்ல பாடம். விழுது தரையைத் தொட்டதும் எப்படித் தடிக்கிறது என்று அங்கே கண்ணால் காணலாம். தொட்டி ஆலில் இதை வரவழைக்க, மெல்லிய விழுதைக் குளிர்பான ஸ்ட்ராவுக்குள் விட்டு, ஈரப்பாசி அடைத்து, மண்வரை இறக்கினோம். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டவர்களுக்குக் கைகூடியது. நவம்பரில் இச்சி மரத்துக்கு இலை நறுக்கும் பயிற்சி: காம்பை விட்டு இலையை மட்டும் நறுக்கினால் புதுத் தளிர் சிறிதாக வரும். நோஞ்சான் மரத்தில் கைவைக்காதீர்கள். கிளையை வளைக்கச் சுற்றிய அலுமினியக் கம்பி கோடையில் பட்டையில் சீக்கிரம் பதிந்துவிடும், அடிக்கடி பாருங்கள்.

காட்டிலிருந்து பழைய மரம் தோண்டலாமா என்ற பேச்சு மறுபடி வந்தது. கூடாது. தேசியப் பூங்காவிலும் காப்புக்காடுகளிலும் செடி பிடுங்குவது சட்டப்படி குற்றம். பழைய கல்வீட்டுச் சுவரிடுக்கில் முளைத்த ஆலங்கன்றைக் கேட்டுப் பாருங்கள், வீட்டுக்காரர் நன்றி சொல்லிக் கொடுப்பார். அரசங்கன்றும் கிடைக்கும். சாமி மரத்தைக் கம்பி சுற்றி வளைப்பதா என்று பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். என் தயக்கம் வேறு: நீண்ட காம்பும் அகல இலையும் உள்ள அரசங்கன்று, சிறு தொட்டியில் மரமாகத் தெரிய நெடுங்காலம் ஆகும். பொறுமை உள்ளவர்கள் வளர்க்கட்டும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இடம் தந்த கோயில் நிர்வாகத்தாருக்கு நன்றி. சங்கத்தின் கம்பி வெட்டும் கத்தரி யாரிடமோ இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்