திருகோணமலைக் கடற்றொழிலாளர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சுனாமி எச்சரிக்கை பற்றிப் பேச்செடுத்தால் திருக்கடலூர் வாடியிலும் குச்சவெளி வாடியிலும் ஒரே பதில்தான்: “2004இல ஒருத்தரும் சொல்லேல்ல, வந்தது. 2012இல ஓடுங்க எண்டாங்க, வரேல்ல. இவங்கள எப்பிடி நம்புறது?” நியாயமான கேள்வி. ஆனால் இரண்டையும் ஒரே கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

2004இல் விஞ்ஞானம் ஓரிடத்தில் உண்மையாகவே தோற்றது. வயது குறைந்த கடற்தட்டு (கடலடியின் பெரும் பாறைப் பாளம்) வேகமாக இன்னொரு தட்டின் கீழ் நுழையும் இடங்களில்தான் 9 அளவில் நிலம் நடுங்கும் என்ற கருத்து 1980 முதல் ஆய்வாளர் பலரிடம் வேரூன்றியிருந்தது. சுமாத்திராப் பக்கத்துத் தட்டு பழையது, நகர்வதும் மெதுவாக. அங்கே 9.1 வந்தது. 2011இல் யப்பானிலும் பழைய தட்டில் 9.0 வந்தபோது அந்தக் கருத்து அடிபட்டே போனது.

தட்டுகள் நகர்கின்றன என்பது பொய்க்கவில்லை. அலையின் வேகக் கணக்கும் பொய்க்கவில்லை. நாலாயிரம் மீற்றர் ஆழத்தில் அலை மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீற்றர் ஓடும். கரையை நெருங்க வேகம் குறைந்து உயரம் கூடும். அன்று நமக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. அதைச் சொல்ல இந்து சமுத்திரத்தில் ஓர் ஏற்பாடு அப்போது இருக்கவில்லை. அது அரசுகளின் பிழை. நினைத்தால் இன்றும் மனம் ஆறாது.

2012 ஏப்ரல் 11 அன்று வந்தது 8.6 அளவு நிலநடுக்கம். தட்டுக்குள்ளேயே பாறை உடைந்து பக்கவாட்டில் நகர்ந்தது, கடலடி பெரிதாக எழும்பவில்லை, அதனால் பேரலையும் இல்லை. கடல்மட்டத்தை அளந்த பிறகுதான் அது உறுதியாகும். அதுவரை கரையில் நில்லுங்கள் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

பழைய தோல்வியை மறக்கச் சொல்லவில்லை. எது தோற்றதோ அதைச் சந்தேகியுங்கள். “அந்தப் பக்கம் பெரிசா வராது” என்று எவ்வளவு படித்தவர் சொன்னாலும் முழுதாக நம்பாதீர்கள். “அலை இத்தனை மணிக்கு வரும்” என்றால் என்ஜினையும் வலையையும் விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு மேட்டுக்குப் போங்கள். கடலில் நிற்கிற படகுகள் கரைக்கு ஓடிவராமல் ஆழத்துக்கே போகட்டும். அங்கே அந்த அலை தெரியவே தெரியாது.

அப்புறம், அதிகாரிகள் சங்கக் கூட்டத்துக்கு வந்தால் தேநீரோடு அனுப்பிவிடாதீர்கள். எது அளந்து தெரிந்தது, எது ஊகம் என்று பிரித்துச் சொல்லக் கேளுங்கள். 2012 எச்சரிக்கைக்கும் அவர்களிடமே விளக்கம் கேளுங்கள்.

அன்புடன்,
உப்புவெளியிலிருந்து ஒரு விஞ்ஞான ஆசிரியர்